குவாட்ரோ போர்டு எங்கே போனது?

கேள்வி: ஆடி கம்பெனியின் ஆர்எஸ் கார்களையும் ஆர்8 காரையும் தயாரித்த பிரிவுக்கு முன்பு ‘குவாட்ரோ’ என்றுதான் பெயர். இப்போது ‘ஆடி ஸ்போர்ட்’ என்கிறார்கள். அவ்வளவு புகழ்பெற்ற பெயரை ஏன் எடுத்தார்கள்?

பதில்: பெயர் பத்திரமாக இருக்கிறது. போர்டைத்தான் கழற்றினார்கள். அந்தப் போர்டு முதலில் எதற்காக மாட்டப்பட்டது என்று தெரிந்தால், கழற்றிய காரணமும் விளங்கிவிடும்.

1980 மார்ச்சில் ஜெனீவா மோட்டார் ஷோவில் ஆடி ஒரு கூபே காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. என்ஜினின் விசை அதன் நான்கு சக்கரங்களுக்கும் போகும். அதுவரை அந்த ஏற்பாடு பெரும்பாலும் ஜீப்புகளுக்கும் ராணுவ வண்டிகளுக்கும் உரியதாக இருந்தது. யோசனை பிறந்ததே ஒரு ராணுவ வண்டியைப் பார்த்துத்தான். பின்லாந்தின் பனிச்சாலைகளில் சோதனை ஓட்டம் நடந்தபோது, கூட வந்த ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்ற ராணுவ வண்டி, தன்னைவிடச் சக்தி வாய்ந்த கார்களை வழுக்காமல் முந்திக்கொண்டு போனது. அதைக் கவனித்த பொறியாளர் யோர்க் பென்சிங்கர், ஆடியின் தொழில்நுட்பத் தலைவர் ஃபெர்டினாண்ட் பியெக்கிடம் போய்ச் சொன்னார்.

காருக்குப் பெயர் வைப்பதில் இழுபறி. விற்பனைப் பிரிவுக்குப் பிடித்த பெயர் ‘காராட்’. திட்டத்தில் முக்கியப் பங்கு வகித்த வால்டர் ட்ரெசர் சொன்னது ‘குவாட்ரோ’. காராட் என்ற பெயரில் ஏற்கெனவே ஒரு சென்ட் கடைகளில் விற்பதை எடுத்துக்காட்டி அவர் ஜெயித்தார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, இத்தாலிய மொழியில் நான்கைக் குறிக்கும் அந்தச் சொல் நிலைத்துவிட்டது. 1981இல் சான்ரெமோ ராலியில் மிஷேல் மூத்தோன் இந்தக் காரில்தான் வென்றார். உலக ராலி சாம்பியன்ஷிப் சுற்று ஒன்றில் முதலிடம் பிடித்த முதல் பெண் அவர். 1982இலும் 1984இலும் தயாரிப்பாளர் பட்டம் ஆடிக்கு. ஒரு காரின் பெயராக இருந்தது, ஒரு தொழில்நுட்பத்தின் பெயராகவே ஆகிவிட்டது.

சிக்கலும் அங்கேதான் ஆரம்பம். இத்தாலியில் சின்னக் குழந்தைகூட எண்ணும்போது சொல்லும் ஒரு சொல்லைத் தனக்கு மட்டுமே உரியது என்று ஒரு கம்பெனி எப்படிக் கோர முடியும்? டிரேட்மார்க் சட்டத்தில் பதிவு செய்தால் மட்டும் போதாது, தொடர்ந்து பயன்படுத்தியும் காட்ட வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் சும்மா கிடக்கும் குறியீட்டைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி இன்னொருவர் கேட்கலாம்; இந்தியச் சட்டத்திலும் இதே கதைதான்.

அதனால் 1983 அக்டோபரில் ‘குவாட்ரோ ஜிஎம்பிஹெச்’ என்று ஒரு துணை நிறுவனத்தை ஆடி தொடங்கியது. (ஜிஎம்பிஹெச் என்பது நம்மூர் பிரைவேட் லிமிடெட் மாதிரி.) ஆரம்பத்தில் அது ஒரு கார்கூடத் தயாரிக்கவில்லை. பெயரைக் காப்பதுதான் அதன் முதல் வேலை. கூடவே, கார்களுக்கான அலங்காரப் பாகங்கள், சட்டை, பை போன்ற சரக்குகளை விற்றது. ஒரு சொல்லுக்குக் காவலாக ஒரு கம்பெனி!

ஆடியின் பயத்துக்கு நியாயம் இருந்தது. கம்பெனி பிறந்ததே பெயரைப் பறிகொடுத்துத்தான். 1899இல் ஆகஸ்ட் ஹோர்ஷ் என்ற பொறியாளர் தன் பெயரிலேயே கார் நிறுவனம் தொடங்கினார். பத்து ஆண்டு கழித்து நிர்வாகத்தோடு சண்டை போட்டு வெளியேறி, ஸ்விக்காவ் நகரில் இரண்டாவது நிறுவனத்தைத் தொடங்கி அதற்கும் தன் பெயரையே வைத்தார். பழைய நிறுவனம் வழக்குப் போட்டது. தன் சொந்தக் குடும்பப் பெயரைத் தானே பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்பு வந்தது. நண்பர் வீட்டில் உட்கார்ந்து எல்லோரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, மூலையில் லத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்த அந்த வீட்டுப் பையன் வழி சொன்னான். ஜெர்மனில் ‘ஹோர்ஷ்’ என்றால் ‘கேள்’. லத்தீனில் அதையே ‘ஆடி’ என்பார்கள். 1910இலிருந்து அதுதான் பெயர்.

குவாட்ரோ கம்பெனிக்கே திரும்புவோம். 1996இல் அது காவல்காரன் வேலையைத் தாண்டி, எஸ்6 பிளஸ் காரோடு தானே ஒரு கார் தயாரிப்பாளராகவும் பதிவானது. ஆடி கார்களின் அடையாள எண் ‘டபிள்யூஏயூ’ என்று தொடங்கும், இவர்களுடையது ‘டபிள்யூயூஏ’. அடுத்து ஆர்எஸ்4, ஆர்எஸ்6 வந்தன. 2006இல் ஆர்8. நெக்கர்சுல்ம் நகரிலிருந்த அந்தச் சின்னக் கம்பெனி, ஆடியின் மிக வேகமான, மிக விலை உயர்ந்த கார்களைச் செய்யும் இடமானது.

இதற்குள் குவாட்ரோ என்ற சொல்லை ஆடி எங்கு பார்த்தாலும் ஒட்டிவிட்டது. ஏ4, க்யூ5 என்று சாதாரணக் குடும்பக் கார்களின் பின்புறத்திலும் அதே எழுத்து. 2017 வாக்கில் குவாட்ரோ இயக்கம் பொருத்திய ஆடிகள் 80 லட்சத்தைத் தொட்டன. குவாட்ரோ காரும் குவாட்ரோ கம்பெனி செய்த காரும் வேறு வேறு என்பதை ஷோரூம் பையன் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விளக்க வேண்டிய நிலை. ஒரு பெயர் எல்லார் வீட்டுக்கும் போய்விட்டால், ஒரு வீட்டை மட்டும் அடையாளம் காட்ட அது உதவாது.

2016 மார்ச்சில் ஸ்டெஃபான் விங்கல்மான் தலைவராக வந்தார். அதற்கு முன் பத்தாண்டுக்கும் மேல் லம்போர்கினியை நடத்தியவர். பெயரை வைத்தே பாதி கார் விற்கும் வித்தை அவருக்கு அத்துப்படி. அந்த ஆண்டு முடிவதற்குள் கம்பெனி ‘ஆடி ஸ்போர்ட் ஜிஎம்பிஹெச்’ ஆனது. பந்தயக் களத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பெயர்தான் அது. அதற்காக ஆடி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ‘ஆடிஸ்போர்ட்.காம்’ என்ற இணைய முகவரியைத் தன் பேரில் பதிந்து வைத்திருந்த அமெரிக்க ரசிகர் ஒருவர் மீது ஆடி வழக்குத் தொடுத்து, 2006இல் மேல்முறையீட்டிலும் வென்றது.

மாற்றம் சரியா? சரிதான். 2017இல் வந்த ஆர்8 ஆர்டபிள்யூஎஸ் ஒன்றே போதும். பின்சக்கரங்களுக்கு மட்டும் விசை போகும் அந்தக் கார் மொத்தமே 999தான். ‘நான்கு’ என்று போர்டு மாட்டிய கம்பெனி இரண்டு சக்கர இயக்கக் காரை விற்றிருந்தால் ஊரே சிரித்திருக்கும்.


கேள்வி: மற்ற கம்பெனிகளும் இப்படிப் பெயர் மாற்றியிருக்கின்றனவா?

பதில்: பிஎம்டபிள்யூ மாற்றியது. ஆனால் எதிர்த்திசையில். 1972இல் ‘பிஎம்டபிள்யூ மோட்டார்ஸ்போர்ட்’ என்று தொடங்கிய கம்பெனி, 1993இல் ‘பிஎம்டபிள்யூ எம்’ ஆகச் சுருங்கியது. வேலை பந்தயத்திலிருந்து சாலைக்கு வந்துவிட்டதால் ஒற்றை எழுத்தே போதும் என்று முடிவு. 2022இல் ஐம்பதாம் ஆண்டு வந்தபோது, பழைய மோட்டார்ஸ்போர்ட் சின்னத்தைத் தூசு தட்டி எடுத்து, கேட்டவர்களுக்குக் காரில் பொருத்திக் கொடுத்தார்கள்.

மெர்சிடிஸின் ஏஎம்ஜி பெயரை யாரும் தொடவே இல்லை. 1967இல் அவுஃப்ரெக்ட், மெல்ஷர் என்ற இரு பொறியாளர்கள் தொடங்கியது. ‘ஜி’ என்பது அவுஃப்ரெக்டின் சொந்த ஊரான க்ரோஸாஸ்பாக். கம்பெனி அஃபால்டர்பாக் ஊருக்குக் குடிபெயர்ந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன, மெல்ஷர் எப்போதோ விலகிவிட்டார், முழு உரிமையும் 2005லேயே மெர்சிடிஸின் தாய்க் கம்பெனிக்குப் போய்விட்டது. மூன்று எழுத்தும் அப்படியே இருக்கின்றன.

ரெனோதான் உண்மையிலேயே கைவிட்டது. 1976இல் பிறந்த ‘ரெனோ ஸ்போர்ட்’ பிரிவை 2021இல் தன்னிடமிருந்த இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார் பெயரான ‘அல்பீன்’ என்பதற்குள் கரைத்தது. ரெனோ ஸ்போர்ட் பெயரைத் தாங்கிய கடைசி மாடலான மெகான், பிறந்த ஆண்டை நினைவுபடுத்த 1,976 கார்கள் மட்டும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அல்பீன் பெயரே ஒரு காலத்தில் பிரிட்டனில் செல்லாது. அங்கே அது வேறொரு கார் கம்பெனியிடம் இருந்தது. பிரான்ஸில் ‘ரெனோ 5 அல்பீன்’ என்று விற்ற காரைக் கடல் தாண்டியதும் ‘கோர்டினி’ என்று கூப்பிட வேண்டியிருந்தது.


கேள்வி: கார் இல்லாமல் வெறும் பெயருக்கு விலை உண்டா?

பதில்: உண்டு. தொழிற்சாலையை வாங்கியவருக்கே பெயர் கிடைக்காமல் போனதும் உண்டு. 1998இல் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் கார் கம்பெனியை ஃபோக்ஸ்வாகன் 43 கோடி பவுண்டுக்கு வாங்கியது. க்ரூ நகரத் தொழிற்சாலை வந்தது, பென்ட்லி வந்தது, பானெட் மேல் சிறகு விரித்து நிற்கும் பெண் சிலையும் வந்தது. ‘ரோல்ஸ் ராய்ஸ்’ என்ற பெயர் மட்டும் வரவில்லை. அது விமான என்ஜின் செய்யும் வேறொரு நிறுவனத்தின் சொத்து. அவர்கள் அதை பிஎம்டபிள்யூவுக்கு 4 கோடி பவுண்டுக்குக் கொடுத்தார்கள். 2003இலிருந்து ரோல்ஸ் ராய்ஸ் கார் செய்வது பிஎம்டபிள்யூதான். அன்று ஃபோக்ஸ்வாகனின் தலைவர் யார் தெரியுமா? குவாட்ரோவின் தந்தை என்று சொல்லப்படும் அதே ஃபெர்டினாண்ட் பியெக்.

கணக்குப் புத்தகத்தில் இன்னொரு விசித்திரம். ஒரு கம்பெனி தானே உழைத்து வளர்த்த பெயரை ஐந்தொகையில் சொத்தாகக் காட்ட முடியாது. சர்வதேசக் கணக்கியல் விதியும் இந்திய விதியும் அனுமதிப்பதில்லை. அதே பெயரை இன்னொருவர் காசு கொடுத்து வாங்கினால், அவர் காட்டலாம். 

ஆனால் எல்லாராலும் பெயரை வாங்கிவிட முடிவதில்லை. சீனாவின் எஸ்ஏஐசி கம்பெனி, பிரிட்டனின் எம்ஜி ரோவர் நிறுவனத்தின் கார் வடிவமைப்புகளை வாங்கியும் ரோவர் பெயர் கிடைக்காமல் ‘ரோவி’ என்று புதுப் பெயர் வைத்துக்கொண்டது. லேண்ட் ரோவருக்கு ஆபத்து வரக் கூடாது என்று ஃபோர்டு 2006இல் ரோவர் பெயரை வாங்கிப் பூட்டி வைத்தது. 2008இல் ஜாகுவார் லேண்ட் ரோவரை 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியபோது, அந்தப் பெயரும் கூடவே மும்பைக்கு வந்தது.

இங்கேயும் சண்டை நடந்தது. 2024 நவம்பரில் மஹிந்திரா ‘பிஇ 6இ’ என்ற மின்சாரக் காரை அறிமுகப்படுத்தியது. ‘6இ’ எங்கள் விமானங்களின் குறியீடு என்று இண்டிகோ டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு முடியக் காத்திராமல், காரை ‘பிஇ 6’ என்றே விற்கப்போவதாக மஹிந்திரா அடுத்த மாதமே சொல்லிவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், ஓர் எழுத்துக்காகப் புதுக் கார் மாதக்கணக்கில் காத்திருக்குமா?

அம்பாசடர் கார் 2014இல் நின்றுபோனது. 2017இல் அந்தப் பெயரை மட்டும் பிரான்ஸின் பெஜோ குழுமம் 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அதே ஆண்டில்தான், அம்பாசடரைச் செய்துவந்த சி.கே. பிர்லா குழுமத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டில் கார் தயாரிக்கவும் ஒப்பந்தம் போட்டது. திருவள்ளூர் தொழிற்சாலையிலிருந்து கார்கள் வெளிவருகின்றன. அவற்றின் முகப்பில் இருக்கும் பெயர் சிட்ரோயன்.