டாக்ஸிசைக்ளின் உட்கொள்வோர் கவனத்திற்கு

புதர்களில் வாழும் நுண்பூச்சியின் இளம்புழு கடிப்பதால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலுக்குத் தமிழகத்தில் மருத்துவர்கள் பரவலாக எழுதித்தரும் டாக்ஸிசைக்ளின், கிருமியின் புரத உற்பத்தியைத் தடுத்து அதன் பெருக்கத்தை நிறுத்தும் ஆன்டிபயாடிக் ஆகும். முந்திரித் தோப்புகளும் வெயிலும் மிகுந்த விருத்தாசலம் பகுதியில் இதனை உண்போர் பின்வருவனவற்றை அறிந்திருப்பது நல்லது.

● உணவுக்குழாய்: மாத்திரை தொண்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டால் அவ்விடம் புண்ணாகி விழுங்கும்போது நெஞ்சு வலிக்கும் என்பதால், ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் நிமிர்ந்து அமர்ந்து விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும்.

● வயிறு: குமட்டல் ஏற்பட்டால் இட்லி போன்ற எளிய உணவுக்குப் பின் உண்ணலாம், குடலின் நன்மை தரும் பாக்டீரியாக்களும் அழிவதால் பேதி ஏற்படலாம்; அது கடுமையானாலோ இரத்தம் கலந்தாலோ மருத்துவரை அணுக வேண்டும்.

● பாலும் இரும்பும்: பால் போன்றவற்றிலுள்ள கால்சியம், இரும்புச்சத்து, அமிலமுறிவு மருந்து ஆகியவை இம்மருந்துடன் பிணைந்து அது இரத்தத்தில் கலப்பதைக் குறைப்பதால், இரண்டு மூன்று மணி நேர இடைவெளி தேவை.

● வெயில்: தோல் எளிதில் கன்றிச் சிவக்கும் என்பதால், பீங்கான் பொருள்களைத் திறந்த வெளியில் உலர்த்துவோரும் வயலில் உழைப்போரும் முழுக்கைச் சட்டையும் தலைப்பாகையும் அணிவது நன்று.

● பற்கள்: வளரும் பற்களில் கறை படியக்கூடும் என்பதால், கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்டோருக்கும் மருத்துவர் முடிவு செய்தாலன்றித் தரக்கூடாது.

● அட்டையில் சிவப்புக் கோடுள்ள மாத்திரையை மருத்துவர் சீட்டின்றி வாங்குவதும், காய்ச்சல் தணிந்ததும் தாமாக நிறுத்துவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.