கெளுத்தி மீனின் நிறமும் தீனியும்

வண்ணமீன் தொட்டி வைத்திருக்கும் அங்கத்தினர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வாங்கி வந்தபோது பளபளவென்றிருந்த கெளுத்தி, இரண்டு மாதத்தில் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது. எந்தத் தீனி கொடுத்தால் நிறம் திரும்பும்?" நிறமூட்டும் தீனி என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கும் டப்பாவை வாங்குமுன், மீனின் நிறம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிதல் அவசியம். சில நிறங்களைத் தீனியால் அளிக்கலாம். சிலவற்றை எவ்வளவு செலவிட்டாலும் அளிக்க இயலாது.

தொட்டிகளில் மிகுதியாய் வளர்க்கப்படுவது வெண்கலக் கெளுத்தி. கொரிடோரஸ் ஏனியஸ் என்பது அதன் பழகிய விஞ்ஞானப் பெயர். டிரினிடாட் தீவிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டு 1858-ஆம் ஆண்டில் தியோடர் கில் என்னும் அமெரிக்க அறிஞர் இதனை விவரித்தார். 'ஏனியஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு வெண்கல நிறமுடையது என்றே பொருள்.

மீனின் தோலில் நிறந்தரும் உயிரணுக்கள் பலவகை. அவற்றுள் மூன்று நமக்கு முக்கியம். கருமை தருவன ஒருவகை. மஞ்சளும் சிவப்பும் தருவன மற்றொரு வகை. மூன்றாம் வகையில் சாயமே இல்லை. அதில் குவானின் என்னும் பொருளின் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காய் நின்று ஒளியைத் திருப்பியனுப்புகின்றன. வெண்கலக் கெளுத்தியின் பக்கங்களில் தோன்றும் பச்சை மினுக்கம் இத்தகடுகளின் வேலை. பாவு ஒரு நிறமும் ஊடை ஒரு நிறமுமாய் நெய்த மயில்கழுத்துப் பட்டில், சாயத்தொட்டியில் இல்லாத ஒரு நிறம் நெசவின் அமைப்பால் தோன்றுவதை நெசவாளர் அறிவர். இதுவும் ஏறக்குறைய அத்தகையதே. கருமையையும் இம்மினுக்கத்தையும் மீன் தன் உடலிலேயே ஆக்கிக்கொள்கிறது. உடல்நலத்துக்கு வேண்டிய புரதம் கிடைத்தால் போதும். தனியே ஒரு நிறத்தீனி வேண்டியதில்லை.

மஞ்சளும் செம்மஞ்சளும் அப்படியல்ல. அவற்றுக்கான கரோட்டினாய்டு என்னும் நிறப்பொருள்களை எந்த மீனும் தானே உண்டாக்குவதில்லை; உண்டு பெறவேண்டும். 1962-இல் விவரிக்கப்பெற்ற ஸ்டெர்பா கெளுத்தியின் மார்புச் செட்டைகளில் காணும் ஆரஞ்சு நிறம் போன்றவற்றுக்கே நிறத்தீனி உதவும். கோழிக்குத் தீனி மாறினால் முட்டையின் மஞ்சட்கரு வெளிறுவதும் இதே காரணத்தால்.

இங்கே பலர் ஏமாறுவது சிவந்த தீனியைக் கண்டுதான். இரத்தப்புழு சிவந்திருப்பது நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினால். அச்சிவப்பு செட்டையில் சென்று ஏறாது. புழு நல்ல உணவே, சாயமன்று. பீட்ரூட் சாறோ தண்ணீரில் கரைந்து தொட்டியைச் சிவப்பாக்குமேயன்றி மீனைச் சிவப்பாக்காது. கரோட்டினாய்டு கொழுப்பில் கரைவது. ஆதலால் சிறிது எண்ணெயுடன் கூடிய தீனியிலேயே நன்கு ஏறும். ஆர்ட்டீமியா, ஸ்பைருலினா பாசி, செண்டுமல்லி இதழ் ஆகியவற்றில் அது உண்டு. ஒரு கிலோ தீனிக்கு 50 முதல் 100 மில்லிகிராம் நிறப்பொருள் போதுமானது. நல்ல ரகச் செண்டுமல்லியின் உலர்ந்த இதழில் அது நூற்றுக்கு ஒரு பங்களவு இருக்கும்; அக்கணக்கில் கிலோவுக்கு 10 கிராம் இதழ்ப்பொடி போதும். இதழை நிழலில் உலர்த்தவேண்டும். வெயில் பட்டால் சாயம் பறந்துவிடும். பலன் தெரியச் சில வாரங்கள் செல்லும். செண்டுமல்லி தருவது மஞ்சளே. அதைச் சிவப்பாக மாற்றும் ஆற்றல் எல்லா மீன்களுக்கும் இல்லை.

அளவு மிகுந்தால் நன்மை மிகும் என எண்ணலாகாது. அமெரிக்காவில் உணவுக்காக வளர்க்கும் கால்வாய்க் கெளுத்திக்கு மக்காச்சோளப் புரதத்தை மிகுதியாய்க் கொடுத்தால் இறைச்சி மஞ்சளாகி விலை குறைகிறது. ஆகவே அங்கே அத்தீனியை அளந்தே சேர்க்கிறார்கள். நாம் விலை கொடுத்து ஏற்றும் நிறத்தை அவர்கள் விலை கொடுத்துத் தவிர்க்கிறார்கள்!

இனி, சாம்பல் பூத்த மீனுக்கு வருவோம். பெரும்பாலும் அங்கே குறை தீனியில் இல்லை, தொட்டியில்தான். ஹார்வர்டு சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜி. எச். பார்க்கர் 1930-களில் அமெரிக்கப் பழுப்புக் கெளுத்தியை வைத்துப் பல சோதனைகள் செய்தார். கரிய பாத்திரத்தில் விட்ட மீன் கறுத்தது. வெள்ளைப் பாத்திரத்தில் விட்டது வெளிறியது. கண் கண்டதை நரம்பும் சுரப்பிநீரும் தோலுக்கு அறிவிக்க, கருமணிகள் உயிரணுவில் பரவுகின்றன அல்லது நடுவே ஒடுங்குகின்றன. ஆயினும் வெண்தரையில் பல வாரங்கள் கழித்த மீனில் கருநிற உயிரணுக்களே குறைந்துபோகும். அது விரைவில் மீளாது. வெள்ளைச் சிமெண்டுத் தொட்டியும் வெண்மணலும் வைத்துக்கொண்டு தீனியைக் குறைகூறிப் பயனில்லை. கரிய நிறத்து நுண்மணல் பரப்புங்கள்; மணல் கூர்மையாயிருந்தால் மீசை தேய்ந்துவிடும். ஒதுங்க நிழல் கொடுங்கள். நீரில் அம்மோனியா ஏறினாலும், ஓயாமல் அச்சுறுத்தப்பட்டாலும், நோயுற்றாலும் நிறம் குன்றும். ஆதலின் முதலில் நீரைச் சோதித்து மாற்றுங்கள், அடுத்துத் தரையை மாற்றுங்கள், தீனி மூன்றாவது.

வெண்கெளுத்தி எனப்படும் வெளிறிய வகைக்கு இவ்வுபாயம் பலிக்காது. அதன் உடலில் கருமணி பிறப்பிலேயே இல்லை, கண்ணும் சிவந்திருக்கும். இந்த வெண்மீனைத்தான் சில வியாபாரிகள் செயற்கைச் சாயமேற்றி நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் விற்கிறார்கள். ஊசியாலோ சாயநீரில் முக்கியோ இது செய்யப்படுகிறது. பல மீன்கள் அவ்வேதனையிலேயே மடிகின்றன. பிழைத்தவை நோய்க்கு எளிதில் ஆளாகின்றன. நிறமும் சில மாதங்களில் மறைந்து வெண்மையே மிஞ்சும். சிவந்த கண்ணும் இயற்கையில் காணாத நீலமும் ஒரே மீனில் சேர்ந்திருக்கக் கண்டால், விலை எவ்வளவு மலிவாயினும் அம்மீனை வாங்காதீர்கள்.