கழுவினா மட்டும் போதுமா? பழைய பைக் இன்ஜின் பாகங்களைக் காப்பாற்றும் வழி



போன வருஷம் மே லீவில் மாமாவோட பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 இன்ஜினைப் பிரித்தேன். போர், பிஸ்டன், கிராங்க் எல்லாத்தையும் பெட்ரோலில் பளபளன்னு கழுவி, செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து இறக்கிப் பார்த்தால் போரின் உள்சுவர் முழுக்கத் துருப்புள்ளி! அதுவரை ஸ்டாண்டர்டு சைஸில் இருந்த போர் அது. துருக்குழியை எடுக்க போரிங் போட்டு, 0.25 மி.மீ ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டியதாகிவிட்டது.

"அழுக்கோடவே வச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அது உண்மை.

ஏன் துரு பிடித்தது?

இந்த வண்டியின் போர் 50 மி.மீ, ஸ்ட்ரோக் 50 மி.மீ. கணக்குப் போட்டுப் பாருங்கள், 98 சிசி வரும். சிலிண்டரின் வெளிப்பக்கம் அலுமினியம். பிஸ்டன் உரசும் உள்சுவர் வார்ப்பிரும்பு. இவ்வளவு நாள் அந்த இரும்பைக் காத்தது பழைய எண்ணெய்ப் படலம்தான். பெட்ரோல் அதைச் சுத்தமாக எடுத்துவிட்டது. மழைக்கால ஈரக்காற்று வெற்று இரும்பில் பட்டது. செய்தித்தாள் ஈரத்தை உறிஞ்சி, அதை இரும்போடு ஒட்டியே வைத்திருந்தது. போதாததற்கு என் கைவியர்வையின் உப்பு வேறு!

ஆக, சுத்தம் செய்வது பாதி வேலைதான். அழுக்கோடு போன எண்ணெய்க்குப் பதில் புது எண்ணெய் பூசுவது மீதி வேலை. வரிசையாகப் பார்ப்போம்.

1. கழற்றும்போதே குறித்துவையுங்கள்

ஒவ்வொரு பாகத்தைக் கழற்றும் முன்பும் போனில் ஒரு படம் எடுங்கள். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்கும். அதையும் எழுதிவையுங்கள். போல்ட், வாஷர்களை இடம்வாரியாகத் தனித்தனிக் கவரில் போடுங்கள். "அப்புறம் ஞாபகம் வந்துடும்" என்று நினைக்காதீர்கள், வராது.

2. எந்த உலோகம் என்று பாருங்கள்

ஒரு காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு அல்லது ஸ்டீல். ஹெட், கிராங்க் கேஸ், பிஸ்டன் மூன்றும் அலுமினியக் கலவை, அதனால் ஒட்டாது. அடைப்பெடுக்கும் காஸ்டிக் சோடாவில் அலுமினியத்தை ஊறவைக்கவே கூடாது. அது உலோகத்தையே அரித்து, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் படித்த அதே ரியாக்‌ஷன்தான்.

3. கழுவுங்கள்

பெட்ரோல் வேண்டாம். அறை வெப்பநிலையிலேயே அதன் ஆவி தீப்பிடிக்கும். காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, தள்ளி இருக்கும் நெருப்பையும் எட்டிவிடும். மண்ணெண்ணெய் அல்லது டீசல் போதும். அதையும் திறந்தவெளியில், கையுறை போட்டுச் செய்யுங்கள்.

டூ ஸ்ட்ரோக்கில் கார்பன் அதிகம் சேர்வது ஹெட்டின் உள்பக்கம், பிஸ்டன் தலை, எக்ஸாஸ்ட் போர்ட் ஆகிய இடங்களில். முதலில் ஊறவைத்து இளக்குங்கள். பிறகு மூங்கில் சிம்பு அல்லது பிளாஸ்டிக் துண்டால் சுரண்டுங்கள். ஸ்க்ரூ டிரைவர் வைத்தால் அலுமினியத்தில் கீறல் விழும். காய்ந்த கார்பனைத் தூசு பறக்கத் தேய்க்காதீர்கள். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல்தான் நின்றது. அதற்கு முன் ஓடிய வண்டியின் கார்பனில் ஈயம் இருக்கலாம்.

கிராங்க் பேரிங்கைக் கழுவிய பின் ஏர் அடித்துச் சுழற்றி விளையாட வேண்டாம். எண்ணெய் இல்லாமல் வேகமாகச் சுற்றினால் பேரிங் தேயும்.

4. காயவைத்து, உடனே எண்ணெய் பூசுங்கள்

வெயிலில் நன்றாகக் காயட்டும். ஆறியதும் கையுறையோடு எடுத்து, போரின் உள்சுவர், பிஸ்டன் பின், கியர் என எல்லா இரும்புப் பரப்பிலும் எண்ணெய் தடவுங்கள். கிராங்கின் பெரிய முனை பேரிங்கில் எண்ணெய் ஊற்றி, கையால் மெதுவாகச் சுற்றுங்கள். சில மாதம் என்றால் 2டி எண்ணெய் போதும். வருடக்கணக்கில் வைப்பதாக இருந்தால் துருத்தடுப்பு எண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள். "நாளைக்குப் பூசிக்கலாம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

5. சுற்றி வையுங்கள்

எண்ணெயில் நனைத்த பருத்தித் துணி அல்லது துருத்தடுப்புக் காகிதத்தில் சுற்றி, ஜிப் கவரில் போடுங்கள். சூடாக இருக்கும்போது கவரை மூடினால் உள்ளே வியர்த்துவிடும். கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். அதுதான் மாற்றச் சொல்லும் அறிகுறி. பெட்டியைத் தரையிலோ சுவரை ஒட்டியோ வைக்காமல் பலகை மேல் வையுங்கள். பாகத்தின் பெயர், தேதி, அளவு மூன்றையும் எழுதி ஒட்டுங்கள்.

பழைய ஆயில் சீல், கேஸ்கெட், பிஸ்டன் பின் லாக் இவற்றை மறுபடி மாட்டுவதற்காகச் சேர்த்துவைக்க வேண்டாம். அளவு பார்க்க மட்டும் ஒன்று வைத்துக்கொண்டு, மாட்டும்போது புதுசு போடுங்கள். கழுவிய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல், மெக்கானிக் கடையின் கழிவு எண்ணெய் டின்னில் சேருங்கள்.

கடைசியாக ஒன்று

ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் 1985-இல் வந்தது, 1996-இல் உற்பத்தி நின்றது. ஒவ்வொரு ஓவர்சைஸும் போரின் ஆயுளில் ஒரு படி குறைவு. நான் அரை மணி நேர வேலையைச் சோம்பேறித்தனத்தில் விட்டதால், மாமா வண்டியின் ஒரு படி போய்விட்டது. உங்கள் வீட்டுப் பரணிலும் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டியின் பாகம் இருக்கலாம். அடுத்த மழைக்கு முன்னால் ஒருமுறை இறக்கிப் பாருங்கள், கையில் எண்ணெய் டப்பாவோடு!