தண்ணீர் எங்கே கசிகிறது?

கோவிந்தாபுரம் பொள்ளாச்சி சாலையில் உள்ள எல்லை ஊர். பக்கத்தில் முதலமடை மாந்தோப்புகள். கோடையில் ஒரு குடம் தண்ணீரின் அருமை நமக்குத் தெரியும்.

இன்று பல வீடுகளில் துணி துவைக்கும் மெஷின் இருக்கிறது. தண்ணீர் நிரம்பும்போது சில மெஷின்களில் கசிவு வரும். உடனே, "மெஷின் கெட்டுவிட்டது" என்று பயப்படுகிறோம். சின்ன ரப்பர் வாஷர் தேய்ந்தாலும் தண்ணீர் கசியும். அதை நாமே மாற்றலாம்.

முதலில் உயிரைக் காப்போம்

ஈரத்தில் மின்சாரம் எளிதாகப் பாயும். ஆகவே சுவிட்சை அணையுங்கள். உலர்ந்த கையால் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்ச் அருகே தண்ணீர் தேங்கி நிற்கிறதா? அங்கே கால் வைக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணையுங்கள்.

பிறகு தேடுவோம்

ஓஸையும் மெஷினையும் துணியால் துடையுங்கள். பிளக்கை மாட்டாமல் குழாயைத் திறங்கள். எந்த இடம் முதலில் நனைகிறது?

1. குழாயும் ஓஸும் சேரும் இடமா? மெஷினும் ஓஸும் சேரும் இடமா? குழாயை மூடுங்கள். ஓஸைக் கழற்றுங்கள். உள்ளே வாஷர் இருக்கும். அது தேய்ந்திருந்தால் அதைக் கடைக்கு எடுத்துப் போங்கள். அதே அளவில் புதியது வாங்கிப் போடுங்கள். ஓஸைக் கையால் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பிளாஸ்டிக் மரை உடையும்.

2. ஓஸின் நடுவிலா? வெடிப்பு இருக்கும். ஓஸையே மாற்றுங்கள்.

3. அழுக்குத் தண்ணீர் போகும் ஓஸிலா? அது தரையில் கிடந்தால், நிரப்பும் தண்ணீர் வெளியே ஓடும். அதைத் தூக்கி மாட்டுங்கள்.

4. மெஷினின் அடியிலா? உள்ளே பழுது இருக்கலாம். நீங்கள் பிரிக்க வேண்டாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

துவைத்து முடிந்ததும் குழாயை மூடிவிடுங்கள்.

கணக்குப் போடுவோம்

கசியும் இடத்தின் கீழே ஒரு லிட்டர் பாத்திரம் வைத்தோம். 4 நிமிடத்தில் அது நிறைந்தது. ஒரு மணிக்கு 60 நிமிடம். 60-ஐ 4-ஆல் வகுத்தால் 15. ஒரு மணி நேரத்தில் 15 லிட்டர் வீண்! அது ஏறக்குறைய ஒரு குடம்.

பதில் சொல்லுங்கள்

1. மெஷினைத் தொடும் முன் என்ன செய்ய வேண்டும்?
2. புது வாஷர் வாங்கும்போது எதைக் கொண்டு போக வேண்டும்?
3. 6 நிமிடத்தில் ஒரு லிட்டர் கசிந்தால், ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் வீணாகும்?
4. உங்கள் வீட்டுக் குழாய் கசிகிறதா? அளந்து எழுதுங்கள்.