பிடிக்காத நாவலைப் பற்றி எழுதப்போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சார்லட் வுட் எழுதிய ‘தி நேச்சுரல் வே ஆஃப் திங்ஸ்’ நாவல் உனக்குப் பிடிக்கவில்லை என்றும், அதை வெளிப்படையாக எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறாய். தாராளமாக எழுது. பெண்வெறுப்பை எதிர்த்து ஒரு பெண் எழுதிய நாவலை இன்னொரு பெண்ணே குறை சொன்னால் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்கிற உன் பயம் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்துக்கு இடம் கொடுத்தால், இப்படிப்பட்ட புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரியான பாராட்டுரைதான் மிஞ்சும். நாவல் சொல்லும் நியாயம் பெரியது என்பதற்காக நாவலும் பெரியது என்று ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை எந்த விமர்சகருக்கும் இல்லை.

உன் கட்டுரையின் முதல் வடிவத்தை இரண்டு முறை படித்தேன். பிடிக்காமல் போனதற்கு நீ அடுக்கியிருக்கும் காரணங்களில் பாதி நிற்காது. மீதிப் பாதி நன்றாக நிற்கும். ஆனால் அதை நீ ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டாய். அதைப் பேசத்தான் இந்தக் கடிதம்.

நிற்காததை முதலில் பார்ப்போம். “பத்து இளம்பெண்களை மயக்க மருந்து கொடுத்துத் தூக்கிக்கொண்டு போய், தலையை மொட்டையடித்து, ஆளரவமற்ற ஆட்டுப்பண்ணையில் அடைத்துவைப்பது இந்தக் காலத்தில் நடக்கிற காரியமா? நம்ப முடியவில்லை” என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பத்தியை அப்படியே எடுத்துவிடு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஹே என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்த பழைய சிறைச்சாலையை 1961-இல் பெண்பிள்ளைகளுக்கான தண்டனைக் கூடமாக மாற்றினார்கள். பாரமட்டாவில் இருந்த அரசுப் பெண்கள் இல்லத்தில் அதே ஆண்டு கலவரம் வெடித்தது. அதில் அடங்காதவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களை அனுப்புவதற்கு ஏற்படுத்திய இடம் அது. பதின்ம வயதுப் பெண்களுக்கு மயக்க மருந்து கொடுத்து இரவு ரயிலில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அங்கே கண்களைத் தரையிலிருந்து உயர்த்தக் கூடாது. ஒருத்திக்கும் இன்னொருத்திக்கும் நடுவே ஆறடி இடைவெளி இருக்க வேண்டும். அனுமதித்த சில நிமிடங்களைத் தவிர நாள் முழுக்க வாய் திறக்கக் கூடாது. 1974 வரை இது நடந்தது.

அந்தப் பெண்கள் செய்த குற்றம்தான் என்ன? பலர்மேல் சுமத்தப்பட்டது ‘ஒழுக்கக் கேட்டின் ஆபத்தில் இருப்பவள்’ என்கிற குற்றச்சாட்டு. வீட்டில் பெரியவர் ஒருவர் சீரழித்தார் என்பதால் ஓடிவந்த பெண்ணும் இதே சட்டத்தின் கீழ் உள்ளே போக முடிந்தது. தீங்கு செய்தவன் வீட்டிலேயே இருப்பான், அவள் சிறைக்குப் போவாள். 2014-இல்தான் ஆஸ்திரேலிய அரச விசாரணை ஆணையம் பாரமட்டா, ஹே பெண்களின் சாட்சியத்தைப் பொதுவெளியில் கேட்டது. அடுத்த ஆண்டு வுட்டின் நாவல் வந்தது. வானொலியில் ஹே பற்றிய ஆவண நிகழ்ச்சியைக் கேட்டதுதான் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். முதலில் அந்தக் காலத்துக் கதையாகவே எழுதிப் பார்த்து, அது உயிர் பெறாமல் போகவே இன்றைய காலத்துக்கு மாற்றினாராம். ஆகவே இது நடக்குமா நடக்காதா என்கிற வழக்கில் நீ இறங்கினால் முதல் வாய்தாவிலேயே தோற்றுப்போவாய்.

“ஒரே இருட்டு, படித்து முடித்ததும் மனசு கனத்துப்போகிறது” என்கிற புகாரும் வேண்டாம். சிறைக்கதை கனக்கத்தான் செய்யும்.

இப்போது நிற்கும் காரணத்துக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: “யோலண்டாவும் வெர்லாவும் நினைவில் இருக்கிறார்கள், மற்ற எட்டுப் பேரின் முகம் நினைவுக்கு வரவில்லை.” தங்கை, உன் கட்டுரையே இதுதான். மற்றதெல்லாம் இதைச் சுற்றி வர வேண்டும்.

நாவலின் ஏற்பாட்டை யோசித்துப் பார். பத்துப் பேருமே ஏதோ ஒரு பாலியல் விவகாரத்தில் ஊர் வாயில் விழுந்தவர்கள். ஒருத்தி கால்பந்து வீரர்களால் கூட்டாகச் சிதைக்கப்பட்டவள், ஒருத்தி அரசியல்வாதியோடு பழகியவள், ஒருத்தி கார்டினலோடு சேர்த்துப் பேசப்பட்டவள். இன்னும் ராணுவத்தில் இருந்தவள், நீச்சல்குளத்தில் இருந்தவள், உல்லாசக் கப்பலில் போனவள் என்று. பத்திரிகைகள் அவர்களை எப்படி அழைத்தன? இன்னாருடைய பெண், இன்ன விவகாரத்துப் பெண் என்று. அவர்களுடைய பெயரை அழித்து அந்த இடத்தில் ஆணின் பதவியை எழுதின. நாவலின் கோபம் முழுக்க இதன்மேல்தான். நியாயமான கோபம். ஆனால் நாவல் என்ன செய்கிறது? இரண்டு பேருக்கு மட்டும் உள்மனம் கொடுக்கிறது. மற்றவர்களை அதே விவகாரத்தின் பெயராலும், உடம்பில் ஏதோ ஒரு குறையாலும், கூந்தல் போன ஏக்கத்தாலும்தான் நமக்கு அடையாளம் காட்டுகிறது. எந்தப் பார்வையை எதிர்த்து எழுதப்பட்டதோ அதே பார்வை உள்ளே நுழைந்து உட்கார்ந்துவிட்டது. எனக்கும் இந்த நாவல்மேல் இருக்கும் மனக்குறை இதுதான். பரிசுகள் பெற்ற நாவல் என்று தயங்காதே. 2016-இல் ஸ்டெல்லா பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ஆஸ்திரேலியப் பிரதமரின் இலக்கிய விருதையும் இன்னொரு நாவலோடு பகிர்ந்துகொண்டது. அதனால் எதுவும் மாறிவிடாது.

ஆனால் இதை எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. முகமில்லாமல் இருப்பது ஆசிரியரின் கைத்தவறா, தெரிந்தே செய்ததா என்று நீ சோதித்தாக வேண்டும். இதற்கு ‘ஸ்வஸ்திகா நைட்’ நாவலைப் படி. கேத்தரின் பர்டெகின் அதை 1937-இல், முர்ரே கான்ஸ்டன்டைன் என்கிற ஆண் பெயரில் வெளியிட்டார். உலகப் போர் தொடங்குவதற்கு முன்பே, நாஜிகள் நூற்றாண்டுகளாக ஆளும் ஓர் உலகத்தைக் கற்பனை செய்தவர் அவர். அங்கேயும் பெண்களுக்கு மொட்டைத் தலைதான். வேலிக்குள் கால்நடை போல அடைத்து, பிள்ளை பெறுவதற்கென்றே வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் நாவலில் பேசுவது மிகக் குறைவு. கதை ஆண்களுக்கு நடுவே நடக்கிறது. அங்கே பெண்களின் மௌனம் குறையாகத் தெரியாது. பெண்ணை மிருகமாக்கிய ஆண் தன் மனதில் எதையெல்லாம் இழந்தான் என்பதுதான் பர்டெகினின் கேள்வி. நாவல் முதல் பக்கத்திலிருந்தே அந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. வுட் அப்படி எழுதவில்லை. அவர் நம்மைப் பெண்களின் கொட்டடிக்குள்ளேயே உட்காரவைக்கிறார். உள்ளே உட்காரவைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவளின் மனம் தெரியாமல் விட்டால், ஏன் என்று வாசகர் கேட்கத்தான் செய்வார்.

ஒப்பிட இன்னொரு படைப்பும் உண்டு. பாரமட்டா இல்லத்தில் இருந்த பெண்களைப் பல மாதங்கள் சந்தித்துப் பேசி, அலானா வாலன்டைன் ‘பாரமட்டா கேர்ள்ஸ்’ என்று ஒரு நாடகம் எழுதினார். 2007-இல் சிட்னியின் பெல்வோர் அரங்கில் மேடையேறியது. அதில் வரும் பெண்களுக்குள் சண்டை உண்டு, பொறாமை உண்டு. பாட்டும் கிண்டலும்கூட உண்டு. ஒவ்வொருத்தியும் தனித்தனி ஆள். நிஜத்தில் அங்கே இருந்த பெண்பிள்ளைகள் தங்களுக்குள் ஒரு ரகசியக் குறியை வைத்திருந்தார்கள். அன்பைச் சொல்லும் நான்கு எழுத்துகள். அவற்றைச் சுவரில் கீறினார்கள், தங்கள் தோலிலும் கீறிக்கொண்டார்கள். பேசத் தடை இருந்த இடத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு வுட்டின் பண்ணைக்குத் திரும்பிப் போனால், அங்கே பெண்களுக்கு இடையிலான அந்தக் கள்ளப் பேச்சு எவ்வளவு குறைவு என்று உனக்கே தெரியும். கற்பனையாக எழுதிய நாவலைவிட நிஜமாக நடந்தது இந்த ஓர் இடத்தில் செழிப்பாக இருந்திருக்கிறது. இதை எழுது. வலுவான வாதம்.

அதே மூச்சில் நாவலுக்குச் சேர வேண்டிய நியாயத்தையும் கொடுத்துவிடு. உணவுக் கையிருப்பு தீர்ந்துபோய், காவலர்களும் மாட்டிக்கொண்ட பிறகு, யோலண்டா துருப்பிடித்த முயல் பொறிகளைக் கண்டெடுக்கிறாளே, அந்த அத்தியாயங்களை மறுபடி படி. பொறி வைக்கப் பழகுகிறாள். முயலை உரிக்கிறாள், தோலைப் பதப்படுத்தி உடுத்திக்கொள்கிறாள். நாற்றமும் ரத்தமும் கொழுப்பும் நகத்தடியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குப் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார் வுட். அவள் மனித மொழியிலிருந்தே மெல்ல விலகிப் போகிறாள். வெர்லா இன்னொரு பக்கம் புல்வெளியில் காளான் தேடி அலைகிறாள். பசிக்காக மட்டும் அல்ல, கொல்லக்கூடிய காளான் கிடைக்குமா என்றும் பார்க்கிறாள். இந்த இரண்டையும் எழுத ஒரு பெரிய எழுத்தாளரால்தான் முடியும். உன் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பிடிக்காத புத்தகத்தில் எது உன்னைக் கட்டிப்போட்டது என்று நீ சொல்லவில்லையென்றால், நீ சொல்லும் குறையையும் வாசகர் நம்ப மாட்டார்.

முடிவைப் பற்றி நீ கோபமாக எழுதியிருக்கிறாய். மீட்க வந்தது போல ஒரு பேருந்து வருகிறது. பெண்களுக்கு விலையுயர்ந்த அழகுசாதனப் பொருள்கள் நிரம்பிய பைகளைக் கொடுக்கிறார்கள். இத்தனை நாள் பட்டதெல்லாம் மறந்து அவர்கள் பைகளில் மூழ்கிப்போகிறார்கள். “இது பெண்களை அவமானப்படுத்துவது” என்கிறாய். ஓரளவுக்கு உன் பக்கம்தான் நான். ஆனால் அவமானம் அந்தப் பைகளில் இல்லை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தவர்கள் பழைய வாழ்க்கையின் வாசனை பட்டதும் தடுமாறுவது மனித இயல்பு. அந்தத் தடுமாற்றத்தை ஒருத்திக்குள்ளிருந்தாவது நமக்குக் காட்டியிருந்தால் நெஞ்சு வெடித்திருக்கும். வெளியிலிருந்து காட்டியதால் அது ஏளனமாகத் தெரிகிறது. பார், இதுவும் அந்த முகமில்லாத எட்டுப் பேர் விஷயத்துக்கே வந்து சேர்கிறது.

அமெரிக்க எழுத்தாளர் மேரி மெக்கார்த்தி 1986 பிப்ரவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நூல் மதிப்புரைப் பகுதியில் எழுதியதையும் தேடிப் படி. மார்கரெட் அட்வுட்டின் ‘தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு காரணங்களைச் சொன்னார். எச்சரிக்கைக் கதை என்றால் இது நம் கதை என்கிற திடுக்கிடல் வர வேண்டும், அது தனக்கு வரவில்லை என்றார். ஜார்ஜ் ஆர்வெல் ‘1984’ நாவலில் தன் கொடுங்கோல் அரசுக்கென்று ஒரு மொழியையே செய்தார், இந்த நாவலின் உலகத்துக்கு அப்படி ஒரு சொந்த மொழி இல்லை என்றார். முதல் காரணத்துக்கு என்ன ஆனது தெரியுமா? 2017 மார்ச்சில், டெக்சாஸ் சட்டமன்றத்தில் கருக்கலைப்பு மசோதாவை எதிர்த்துப் பெண்கள் அந்த நாவலில் வருபவர்களைப் போலவே சிவப்பு அங்கியும் வெள்ளைத் தொப்பியும் அணிந்து மௌனமாக உட்கார்ந்தார்கள். மெக்கார்த்திக்கு வராத திடுக்கிடல் அவர்களுக்கு வந்திருந்தது. உலகத்தில் எங்குமே நடந்திராத எதையும் நாவலில் சேர்ப்பதில்லை என்று அட்வுட் விதி வைத்துக்கொண்டு எழுதியவர். நடக்காது என்கிற வாதம் அவரிடம் எடுபடாது. மொழி பற்றிய மெக்கார்த்தியின் இரண்டாவது புகார்தான் இன்றும் விவாதிக்கத் தக்கதாக இருக்கிறது. அதே நாவலைப் பற்றிப் பின்னாளில் வந்த வலுவான விமர்சனமும் நடக்குமா என்பதைப் பற்றியது அல்ல. கறுப்பினப் பெண்கள் அடிமை முறையில் அனுபவித்ததையெல்லாம் வெள்ளைப் பெண்களின் கதையாக்கிவிட்டு, கறுப்பினத்தவரைச் சில வரிகளில் கதைக்கு வெளியே அட்வுட் அனுப்பிவிட்டார் என்பதுதான் அது. யாருக்கு முகம் கிடைத்தது என்கிற உன் கேள்வியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நீ தனியாக இல்லை.

கட்டுரை வந்ததும் இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். பெண்ணியம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் உன் கட்டுரையைத் தூக்கிப் பிடித்து, “பார், பெண்களே ஒத்துக்கொள்ளவில்லை” என்பார்கள். அவர்களுக்கு உதவாதபடி எழுதுவது உன் கையில் இருக்கிறது. ஹே பற்றி நான் மேலே சொன்னதை இரண்டு பத்திகளாக எழுதிக் கட்டுரையின் முன்பகுதியிலேயே வை. நடந்த கொடுமை பற்றி உனக்குச் சந்தேகமே இல்லை என்று தெரிந்த பிறகு, நீ நாவலைக் குறை சொல்வதை வைத்து அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது. இன்னொரு பக்கம், நம் தோழிகளில் சிலர் வருத்தப்படுவார்கள். அவர்களிடம் பொறுமையாகப் பேசு. அவர்கள் வருத்தத்துக்கும் காரணம் இருக்கிறது. இந்த மாதிரிப் புத்தகங்களை ஒதுக்கித் தள்ளும் பழக்கம் நீண்ட காலமாக இருந்து வந்ததுதானே. பர்டெகினின் உண்மையான பெயரே அரை நூற்றாண்டு கழித்துத்தான் வாசகர்களுக்குத் தெரியவந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. பெண்களை அடைத்துவைப்பதைக் கேள்வி கேட்கும் கற்பனைக்கதை அட்வுட்டிடம் தொடங்கவில்லை, அது மேற்குக்கு மட்டும் உரியதும் இல்லை. வங்காளத்தைச் சேர்ந்த ரொக்கேயா, ‘சுல்தானாவின் கனவு’ என்று ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார். ஆண்களை வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் பெண்கள் அறிவியலால் நாட்டை ஆளும் கதை. 1905-இல் அது வெளிவந்தது நம்முடைய சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய ‘தி இந்தியன் லேடீஸ் மேகஸின்’ இதழில். சில பக்கங்கள்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஒரு பத்தி அதற்கும் ஒதுக்கு.

கட்டுரையைத் திருத்தி இந்த மாத இதழுக்கே அனுப்பிவிடு. “எனக்குப் பிடிக்கவில்லை” என்கிற உன் முதல் வாக்கியத்தில் கைவைக்காதே, அது அப்படியே இருக்கட்டும்.

அன்புடன்,
அக்கா