கண்டது எவ்வளவு? நிரப்பியது எவ்வளவு?

“கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்” என்பார்கள் நம் மூத்தோர். கட்டுரைப் போட்டிகளுக்காக இதைப் பலமுறை மனனம் செய்திருக்கிறேன். ஆனால் இதன் பொருள் எனக்கு விளங்கியது சென்ற நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாளில்தான்.

அன்று பலகாரம் சுடுவதற்காகப் பக்கத்துத் தெரு ராத்தா ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் ஹோலில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். பின்னேரம் உம்மாவின் தங்கத் தோடுகளில் ஒன்றைக் காணவில்லை. “ராத்தா அறைக்குள்ள போன நேரம் நீ கண்டாயா?” என்று உம்மா கேட்டார். “ஓ, கண்டேன்” என்றேன். யோசிக்கவே இல்லை.

உம்மா களவு என்ற சொல்லை வாயில் எடுக்கவில்லை. “அறையில ஒரு தோடு கிடந்ததா?” என்று மட்டும்தான் ராத்தாவிடம் கேட்டார். ராத்தா பதில் பேசாமல் தன் பையை எங்கள் முன்னால் கவிழ்த்துக் காட்டினார். ஒரு சீப்பு, மருந்து அட்டை, பேரப்பிள்ளைக்கு உம்மா கட்டிக்கொடுத்த பலகாரம். அவ்வளவுதான்.

அன்றிரவு இஷாத் தொழுகைக்கு உம்மா பர்தாவை விரித்தபோது, அதன் ஓரப் பின்னலில் தோடு கொளுவிக் கிடந்தது.

நான் உண்மையில் கண்டது, ராத்தா தட்டுடன் அறை வாசலருகே நின்றதை மட்டுமே. அவர் உள்ளே போனதை நான் காணவில்லை. ஆயினும் உம்மா கேட்ட நொடியில், திரைச்சீலை விலகுவதும் அவர் உள்ளே நுழைவதும் என் மனதில் தெளிவாகத் தெரிந்தன. அந்தக் காட்சி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடி உளவியல் நூல்களைப் புரட்டியதன் விளைவே இக்கட்டுரை.

கண் மட்டுமா பார்க்கிறது?

வாசகர்களே, முதலில் ஒரு சிறு பரிசோதனை. வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளியும், அதிலிருந்து 8 சென்ரிமீற்றர் தள்ளி வலப்பக்கம் ஒரு சிலுவைக் குறியும் இடுங்கள். வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் குறியை மட்டும் உற்றுப் பாருங்கள். தாளை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரத்தில் புள்ளி மறைந்துவிடும்.

விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை. அதையே குருட்டிடம் என்கிறோம். கவனிக்க வேண்டியது இதுதான்: புள்ளி மறைந்த இடத்தில் ஓட்டையோ இருளோ தெரிவதில்லை, வெள்ளைத் தாளே தெரிகிறது. தகவல் வராத இடத்தைச் சுற்றியுள்ளதைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது. நிரப்பியதாக நமக்கு அறிவிப்பதும் இல்லை.

கண் மட்டும் பார்ப்பதில்லை என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே விளக்கியவர் இப்னு அல்-ஹைதம். பஸ்ராவில் ஏறத்தாழ 965இல் பிறந்து, கெய்ரோவில் ஏறத்தாழ 1040இல் மறைந்தவர். கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்று யூக்கிளிட், தொலமி போன்றோர் கருதியிருந்தனர். இப்னு அல்-ஹைதம் தமது ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் அதை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணை அடைகிறது என்று காட்டினார். அத்துடன் அவர் நிற்கவில்லை. ஒரு பொருளை இன்னதென்று நாம் அறிவது, முன்னர் கண்டவற்றோடு ஒப்பிட்டுத் தீர்ப்பதால்தான் என்றும், அந்தத் தீர்ப்பு மிக விரைவாக நடப்பதால் நாம் அதை உணர்வதில்லை என்றும் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் ஜேர்மனிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸும் இத்தகைய கருத்தையே முன்வைத்தார். நாம் அறியாமலே மனம் செய்யும் அனுமானம் அது.

ஞாபகத்திலும் நிரப்பல் உண்டு

கண் விட்ட இடத்தை மூளை நிரப்புவது போல, ஞாபகம் விட்ட இடத்தைக் கேள்வி நிரப்பக்கூடும். 1974இல் அமெரிக்க உளவியலாளர்களான எலிசபெத் லொப்டஸ், ஜோன் பாமர் ஆகிய இருவரும் இதைச் சோதித்தார்கள். மாணவர்களுக்குக் கார் விபத்துப் படங்களைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள். கேள்வியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினார்கள். “நொறுங்க மோதியபோது” என்று கேட்கப்பட்டவர்கள் சொன்ன சராசரி வேகம் மணிக்கு 40.8 மைல். “தொட்டுக்கொண்டபோது” என்று கேட்கப்பட்டவர்கள் சொன்னது 31.8 மைல்.

இரண்டாவது சோதனையில் 150 மாணவர்கள் இருந்தனர். ஒரு வாரம் கழித்து, “உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா?” என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. முதல் நாளில் “நொறுங்க மோதிய” என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் கண்டதாகச் சொன்னார்கள். “இடித்த” என்ற சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேரும், வேகம் பற்றிக் கேட்கப்படாத 50 பேரில் 6 பேரும் மட்டுமே அப்படிச் சொன்னார்கள்.

இதை வாசித்தபோது என் நெஞ்சு திக்கென்றது. “போனாரா?” என்று உம்மா கேட்கவில்லை, “போன நேரம் கண்டாயா?” என்றே கேட்டார். அவர் உள்ளே போனது முடிந்த விடயம் போலக் கேள்வியிலேயே இருந்தது. எனது ஞாபகம் அதற்கேற்ற படத்தை வரைந்து கொடுத்துவிட்டது. ஆனாலும் இந்தச் சோதனை என் பிழையை மன்னிக்கும் சாட்டு அல்ல. ஒரு நிமிடம் நிதானித்திருந்தால் “வாசலில்தான் கண்டேன்” என்று என்னால் சொல்லியிருக்க முடியும்.

தீர்மானத்தையும் சொல் திருப்பும்

ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டானியல் கானமன் ஆகியோர் 1981இல் வெளியிட்ட ஆய்வும் இதனுடன் தொடர்புடையது. ஒரு நோயால் 600 பேர் இறக்கக்கூடும் என்று வைத்துக்கொள்வோம். “முதல் திட்டத்தால் 200 பேர் காப்பாற்றப்படுவர். இரண்டாவது திட்டத்தால் 600 பேரும் காப்பாற்றப்பட மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, ஒருவருமே காப்பாற்றப்படாதிருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு” என்றபோது 72 வீதமானோர் முதல் திட்டத்தைத் தெரிந்தனர். வேறொரு குழுவினருக்கு அதே திட்டத்தை “400 பேர் இறப்பர்” என்று சொன்னபோது, அதைத் தெரிந்தவர்கள் 22 வீதமானோர் மட்டுமே. 600இல் 200 பேர் பிழைப்பதும் 400 பேர் இறப்பதும் ஒரே கணக்கு. மாறியது சொல்லே. இத்தகைய ஆய்வுகளுக்காகக் கானமனுக்கு 2002இல் பொருளியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி 1996இலேயே காலமாகிவிட்டார்.

நாம் என்ன செய்யலாம்?

மூளையின் நிரப்பும் வேலையை நிறுத்த முடியாது; நிறுத்தவும் கூடாது. அரைகுறையாகத் தெரியும் எழுத்தை வாசிப்பதும், கூட்டத்தில் உம்மாவின் குரலை இனங்காண்பதும் அதனால்தான். ஆனால் ஒருவருடைய மானம் நம் வாய்ச்சொல்லில் தங்கியிருக்கும்போது அவசரப்படலாகாது. மாணவிகளாகிய நாம் “நான் கண்டது எது? கண்டதாக நினைப்பது எது?” என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். பெற்றோரிடமும் பணிவான ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளிடம் விசாரிக்கும்போது, விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். “அவன்தானே அடித்தான்?” என்பதை விட “என்ன நடந்தது?” என்று கேட்பது நல்லது. எங்கள் வீட்டில் உம்மா இப்போது அப்படித்தான் கேட்கிறார்.

பெருநாளன்று காலையிலேயே நானும் உம்மாவும் ராத்தாவின் வீட்டுக்குப் போய் மாப்புக் கேட்டோம். “பரவாயில்ல மகள்” என்று என் தலையைத் தடவினார். இப்போதும் எங்கள் வீட்டுக்கு வருகிறார். ஆனால் உள்ளறையில் ஏதும் எடுக்க வேண்டியிருந்தால், வாசலில் நின்று முதலில் என்னைக் கூப்பிடுகிறார். நான் எழுந்து போய், அவருடனேயே உள்ளே நுழைகிறேன்.