ராமானுஜத்தின் துயரம் உனக்கு வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

ஓவியர் கே. ராமானுஜத்தின் வாழ்க்கையைப் படித்ததிலிருந்து தூக்கமில்லை என்று எழுதியிருக்கிறாய். படகையும் வீட்டையும் விட்டுத் தனியே போனால்தான் ஓவியம் வசப்படுமோ என்றும் கேட்கிறாய். போகாதே.

ராமானுஜத்துக்குப் பேச்சு சரளமாக வராது. படிப்பும் ஏறவில்லை. மனநோயோடு மல்லுக்கட்டி, 1973இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். இந்தக் கதையைச் சொல்கிறவர்கள், அந்தத் துயரம்தான் படங்களாக வந்தது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவருடைய மைக்கோட்டுப் படங்களைப் பக்கத்தில் போய்ப் பார். மாடங்கள், கோபுரங்கள், விலங்குகள், நடுவே தொப்பி வைத்த அவரே. ஒரு விரல் அகலத்துக்குள் எத்தனை இழைகள்! விடாமல் உட்கார்ந்து உழைத்தவரின் கை அது. நோய் அந்தக் கையைக் கொடுக்கவில்லை, நம்மிடமிருந்து பறித்துக்கொண்டது.

அவரைச் சென்னை ஓவியப் பள்ளிக்குள் சேர்த்துக்கொண்டவர் அதன் முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். தந்தித் துறை வேலையை விட்டு ஓவியத்துக்கு வந்தவர் அவர்; படித்து முடித்த பிள்ளைகள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்ற கவலை அவருக்கு இருந்தது. அதனால்தான் அவரும் மாணவர்களும் 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கிச் சோழமண்டலத்தை எழுப்பினார்கள். காசு வந்தது பாத்திக்கில்: துணியில் மெழுகால் வரைந்து, சாயத்தில் முக்கி, மெழுகை உருக்கி எடுத்து, விற்றார்கள். ஓவியத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டிய கட்டாயம் அதனால் குறைந்தது.

கூடிப் பிழைத்துக்கொண்டே வரைகிற இந்த வழி, கோட்டைக்குப்பத்து மீனவனான உனக்குப் புதிதா? நீங்களும் ஆண்டிக்குப்பமும் நடுவூர் மாதாகுப்பமும் பழவேற்காடு ஏரியைப் பாடு வைத்து, முறை போட்டுத்தானே பகிர்ந்துகொள்கிறீர்கள்! முறை வரும் நாளில் இறாலுக்குப் போ. பாடு இல்லாத நாள் முழுக்க உன்னுடையது, வரை.

இன்னொன்று. தூக்கமில்லாத இரவுகள் தொடர்ந்தால் உள்ளுக்குள் வைத்துப் புழுங்காதே. எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடு, டாக்டரிடம் நானும் கூட வருகிறேன். கலைஞனுக்கு இதெல்லாம் சகஜம் என்று எவன் சொன்னாலும் காதில் வாங்காதே.

அடுத்த பாடில்லாத நாளில் ஈஞ்சம்பாக்கம் வா, ராமானுஜத்தின் படங்களைச் சேர்ந்து பார்ப்போம். நீ அனுப்பிய சுத்துவலைப் படத்தின் மூலத்தையும் கொண்டு வா. வலைக்கு ஊன்றிய கழிகள் நன்றாக நிற்கின்றன. தண்ணீரில் அவற்றின் நிழல் மட்டும் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் விழவில்லை. அதைப் பேச வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்